சென்சார் போச்சுங்க!

சேலத்திலிருந்து நாமக்கல் போகிறீர்கள். ஆண்டகளூர் கேட் தாண்டியதும் உங்கள் ஆட்டோமேட்டிக் கார் ஒரே கியரைப் பிடித்துக்கொண்டு, அடுத்ததற்குப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. கியர் பெட்டியின் கம்ப்யூட்டர் தனக்கு வரும் தகவலை நம்பாமல், 'மெதுவாக வீடு போய்ச் சேர்' என்று வண்டியைப் பத்திரமான நிலைக்கு மாற்றியிருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகுகிறார்கள். ஐந்து எழுத்து வருகிறது: பி0715. அரை நிமிஷத்தில் தீர்ப்பு: ''சென்சார் போச்சுங்க, மாத்திடலாம்!''

அந்த ஐந்து எழுத்தை யாராவது முழுசாகப் படித்தார்களா என்பதுதான் என் சந்தேகம். 'பி' என்றால் என்ஜினும் கியரும் சேர்ந்த பகுதி. 0, எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோட். 7, கியர் பெட்டி. கடைசி 15, கியர் பெட்டிக்குள் நுழையும் தண்டின் வேகத்தைச் சொல்லும் சென்சாரின் சர்க்யூட். கவனியுங்கள், 'சர்க்யூட்' என்றுதான் இருக்கிறது. சென்சார், இரண்டு மூன்று ஒயர், ஒரு கனெக்டர், மறுமுனையில் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்தது அது. எலி ஒயரைக் கடித்திருந்தாலும் இதே 715-தான் வரும்.

இதன் தம்பிகளையும் பாருங்கள். 716, சிக்னல் வருகிறது, நம்பும்படி இல்லை. 717, சிக்னலே இல்லை. 718, வந்து வந்து போகிறது. என்ன சிக்கனமான எழுத்து! நம் நாவலாசிரியர்கள் சிலருக்கு சிபாரிசு செய்யலாம். ஆனால், பெரிய குறை ஒன்று உண்டு. அறிகுறியைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. மிச்சத்தை மெக்கானிக்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டுபிடிப்பது பிரம்மவித்தை இல்லை. முதலில் கனெக்டரைக் கழற்றிப் பார்க்கணும். உள்ளே ஆயில், தண்ணீர், பச்சைக் களிம்பு? வண்டி ஓடும் நிலையில் ஒயரை லேசாக ஆட்டினால் ஸ்கேனரில் வேகம் துள்ளுகிறதா? அப்படியென்றால் குற்றவாளி ஒயர். பற்றவைத்து ஸ்லீவ் போட்டால் போதும். (வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றினால் அடுத்த மழைக்குத் திரும்ப வருவீர்கள்.) இரண்டு ஒயர் உள்ள காந்தச் சுருள் சென்சார் என்றால், மல்டிமீட்டரில் ஓம்ஸ் பார்த்து மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடலாம். மூன்று ஒயர் என்றால் பெரும்பாலும் ஹால் சென்சார். அதற்கு முதலில் கரன்ட் வருகிறதா, எர்த் இருக்கிறதா என்று பார்க்கணும். இத்தனைக்கும் பிறகுதான் சென்சார் மேல் பழி.

லாரிக்கு பாடி கட்டுவதில் நாமக்கல்லும் போர்வெல் ரிக்கில் திருச்செங்கோடும் நாடறிந்த ஊர்கள். சத்தத்தைக் கேட்டே பேரிங்கா, பல்லா என்று சொல்லக்கூடிய மெக்கானிக்குகள் உள்ள பூமி. ஆனால் வோல்டேஜ் காதில் கேட்காதே! 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்த பிறகு லாரியிலும் சென்சார்கள் பெருகிவிட்டன. மல்டிமீட்டர் இருக்கிறது, ஒப்பிட வேண்டிய அளவு எந்த மேனுவலில் இருக்கிறது? அது கம்பெனி சர்வீஸ் சென்டரில் பத்திரமாக இருக்கிறது. அதுவும் இங்கிலீஷில்.

இது என் புலம்பல் மட்டுமில்லை. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு ரூ.2,544 கோடி அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேல்முறையீடு, கோர்ட் என்று போயின. 2022-ல் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை'க்கு ஒரு இணையதளம் திறந்தது. மேனுவல் கையில் இல்லாத மெக்கானிக் சென்சாரை மாற்றித்தான் பார்ப்பார். அந்த சோதனைச் செலவு உங்களுடையது.

மாற்றியே ஆகணும் என்றால், கழற்றிய பழைய சென்சாரைக் கேட்டு வாங்குங்கள். நுனியில் உள்ள காந்தத்தில் இரும்புத் தூள் அப்பியிருக்கிறதா பாருங்கள். மெல்லிய கரும்பசை மாதிரி என்றால் சகஜம். விரலில் குத்தும் சில்லுகள் இருந்தால் புது சென்சாருக்குப் பணம் கொடுக்கும் முன் கியர் ஆயிலை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே ஏதோ தேய்ந்துகொண்டிருக்கிறது.