முளைக்கட்டு

ஆடி பிறக்கும் முன்பே எங்கள் வீட்டில் பீர்க்கு, பாகல் விதைகளை ஓர் இரவு ஊறப்போட்டுவிடுவோம். அம்மிச்சி அவற்றைப் பனியன் கம்பெனி வெட்டுத்துணியில் முடிந்து அடுக்களை மூலையில் வைப்பார். பருத்திப் பின்னல் ஈரத்தை விடாமல் பிடித்துவைக்கும்.  நாலைந்து நாளில் முடிச்சை அவிழ்த்தால், தடித்த ஓட்டின் நுனி பிளந்து, அரிசி முனையளவு வெள்ளை வேர்! அந்த வெள்ளையைப் பார்க்க நாங்கள் முண்டியடிப்போம்.

உடுமலைப் பக்கம் தக்காளிக்கோ துணி முடிச்சு இல்லை; 98 குழித் தட்டு, தென்னைநார்க் கழிவு, நிழல்வலை. 25 நாளில் நாற்று வயலுக்குப் போய்விடும். அதுவும் அழகுதான். முளை கொக்கிபோல வளைந்து முட்டிக்கொண்டு எழும். சிலது விதைத்தோலைத் தொப்பியாகச் சுமந்தபடியே நிமிரும். அதைப் பிய்க்கக் கூடாது. கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் இளகிக் கழன்றுவிடும்.