சப்பாணிக்கு ஒரு பெயர்

பாரதிராஜாவின் முதற்படமாகிய ‘16 வயதினிலே’ (1977) திரைப்படத்தை, அண்மையில் கேளம்பாக்கத்தில் சபை வாலிபர் சிலரோடு மீண்டும் காணும் வாய்ப்பு கிட்டியது. பழைய மகாபலிபுரம் சாலையின் வேகத்தில் வளர்ந்த அவர்களுக்குப் படத்தின் மெதுவான நடை முதலில் பொறுமையைச் சோதித்தது. எனினும் முடிவில் ஒருவர், “சப்பாணி கிறிஸ்துவுக்கு நிழல் அல்லவா?” என வினவினார். பிரசங்க மேடைக்கு ஏற்ற வினா. ஆனால் அவசர வினா.

கமல்ஹாசன் ஏற்ற சப்பாணி, ஊராருக்கு எடுபிடி, கால் ஊனமுற்றவன், எல்லாருக்கும் நகைப்புப் பொருள். ஸ்ரீதேவியின் மயிலோ ஆசிரியையாகும் கனவுடையவள். நகரத்திலிருந்து வந்த கால்நடை மருத்துவரை நம்பி ஏமாறுகிறாள். ஊர்ப்பேச்சும் தாய் குருவம்மாளின் மரணமும் அவளைத் தனிமைப்படுத்தியபின், உடன் நிற்பவன் சப்பாணி ஒருவனே.

படத்தின் உயிர்நாடி இறுதிக் கொலையில் இல்லை, பெயரில் இருக்கிறது. சப்பாணி என்று அழைப்பவனை அறையும்படி மயில் அவனுக்குச் சொல்லித்தருகிறாள். அவன் கோபாலகிருஷ்ணன் ஆகிறான். பரட்டையும் மருத்துவரும் அறை வாங்கும்போது நாமும் மகிழ்கிறோம். காக்கப்படுகிறவள் அன்றோ காப்பவனை உருவாக்குகிறாள்! இதனை இயக்குநர் விளக்கிப் பேசவில்லை. சிறுசிறு வீட்டுக் காட்சிகளில், நிதானமாக, நம் கண்முன் நிகழவிடுகிறார். ஸ்டுடியோ அரங்குகளை விட்டு வெளிப்புறத்துக்கு வந்த நிவாஸின் ஒளிப்பதிவு அந்த நிதானத்துக்குத் துணைநிற்கிறது.

இனி அந்தக் கொலை. ரஜினிகாந்தின் பரட்டை மயிலைப் பலவந்தப்படுத்த முனைகிறான். சப்பாணி முதலில் அவளை விட்டுவிடும்படி வேண்டுகிறான், பயனில்லாதபோது கல்லெடுக்கிறான். இங்கே சிலுவையைத் தேடுவது பொருந்தாது. யாத்திராகமம் இரண்டாம் அதிகாரத்தில் எகிப்தியனை அடித்துக் கொன்று மணலில் மறைத்த மோசேயே நினைவுக்கு வருகிறான். ஒடுக்கப்பட்டவனுக்காக எழுந்த சினம் நியாயமானது. சிந்திய இரத்தமோ இரத்தமே. வேதம் அச்செயலைப் புகழவும் இல்லை, மழுப்பவும் இல்லை. சப்பாணியைக் கிறிஸ்துவாக்கினால் அவன் கையிலுள்ள கல்லை நாம் காணாமற்போவோம். கொலைகாரன் என்று மட்டும் சொன்னால், அவனைத் தவிர அவளுக்கு வேறு துணையில்லாமற்போனது ஏன் என்னும் கேள்வியைக் காணாமற்போவோம்.

படத்தில் எனக்கொரு மனக்குறையும் உண்டு. கோபாலகிருஷ்ணனுக்குப் பெயர் தந்தவளுக்குப் படம் எதைத் தருகிறது? சிறைசென்றவன் வருவான் என்று இரயில் நிலையத்தில் காத்திருக்கும் நிலையை மட்டுமே. அவளது ஆசிரியைக் கனவு எங்கேயோ நழுவிவிடுகிறது. அந்தக் காத்திருப்பின் அழகில் நாமும் மயங்கி அதை மறந்துவிடுகிறோம்.

அன்றிரவு விவாதம் முடியவில்லை. அதுவரை பேசாதிருந்த வாலிபப் பெண் ஒருத்தி மட்டும் கேட்டாள்: “ஐயா, அந்த ஊரில் மற்றவர்கள் எல்லாரும் எங்கே இருந்தார்கள்?”