பிரிபுனலின் எல்லை

கல்லூரி ஆய்வகங்களில் அமில-காரப் பிரித்தெடுப்புக்குத் தோதான கலவை ஒன்று உண்டு: பென்சாயிக் அமிலம், பீட்டா நாப்தால், நாப்தலீன். மூன்றையும் ஈதரில் கரைத்துப் பிரிபுனலில் ஊற்றி, சோடியம் பைகார்பனேட் கரைசல் சேர்த்துக் குலுக்கினால் பென்சாயிக் அமிலம் மட்டும் உப்பாகி நீர் அடுக்குக்கு இறங்கிவிடும். அடுத்து சோடியம் ஹைட்ராக்சைடு. அது நாப்தாலை இழுத்துக்கொள்ளும். நாப்தலீன் இரண்டுக்கும் அசையாமல் ஈதரிலேயே நிற்கும். நீர் அடுக்கில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டதும் வெள்ளை வெளேரென்று வீழ்படிவு திரளும். அரை மணி நேரத்தில், விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், இவ்வளவு சுத்தமாகப் பிரித்துத் தரும் முறைகள் குறைவு.

ஆனால் அந்தக் கலவை முறைக்கேற்பப் பொறுக்கி எடுத்தது. பென்சாயிக் அமிலத்தின் பிகேஏ (அமில வலிமையைக் காட்டும் எண்) 4.2, நாப்தாலுக்கு 9.5. இடைவெளி ஐந்துக்கும் மேல். இயற்கை இப்படி இடம்விட்டு அடுக்கித் தருவதில்லை.

சின்கோனா பட்டையைப் பாருங்கள். அதன் தூளைச் சுண்ணாம்போடு பிசைந்தால் அல்கலாய்டுகள் விடுபடும். சூடான எண்ணெய் அவற்றைக் கரைத்தெடுக்கும். நீர்த்த கந்தக அமிலம் எண்ணெயிலிருந்து அவற்றைக் கழுவி இறக்கும். மரச்சக்கையிலிருந்து மருந்தைப் பிரித்தாயிற்று, உண்மைதான். ஆனால் வந்தது குயினைன் மட்டுமல்ல. குயினிடின், சின்கோனின், சின்கோனிடின் மூன்றும் கூடவே வரும். நான்குக்கும் ஏறத்தாழ ஒரே கார வலிமை. எத்தனை தரம் குலுக்கினாலும் பிரிபுனல் அவற்றைப் பிரிக்காது. குயினைன் சல்ஃபேட் குளிர்ந்த நீரில் மிகக் குறைவாகவே கரையும் என்பதால் படிகமாக்கித்தான் தனியே எடுத்தார்கள். 1870களில் டார்ஜிலிங் மலையிலிருந்த மங்பூ அரசுத் தொழிற்சாலை அந்தக் கலவையையே 'சின்கோனா ஃபெப்ரிஃபியூஜ்' என்ற பெயரில் மலிவான காய்ச்சல் மருந்தாக விற்றது. இந்த முறை குலத்தைப் பிரிக்கும், ஆளைப் பிரிக்காது.

சில்லறைத் தொல்லைகளும் உண்டு. பைகார்பனேட் ஊற்றியதும் கிளம்பும் வாயுவை அடிக்கடி திறந்துவிடாவிட்டால் புனலின் மூடி பறக்கும். 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதர் பக்கத்து மேசை பர்னரைத் தேடிப் போகும். தாவரச் சாறென்றால் மெழுகும் பிசினும் சேர்ந்து பால்மமாகி, அடுக்கே பிரியாமல் மணிக்கணக்கில் நிற்கும். கலவையில் எஸ்டர் இருந்தால் வலுவான காரம் அதையே உடைத்துவிடக்கூடும்.

விளைச்சல் இழப்பைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. பென்சாயிக் அமிலம் 25 டிகிரியில் லிட்டருக்கு 3.4 கிராம் கரையும். ஒரு கிராம் அமிலத்தை 100 மில்லிலிட்டர் நீரில் வீழ்படியவிட்டால் மூன்றில் ஒரு பங்கு வடிநீரோடு போய்விடும். பனிக்கட்டியில் வைத்தால் பாதி இழப்பு மிச்சம்.

இத்தனைக்கும் பிறகும் மருந்துத் தொழிற்சாலைகள் இதை விடவில்லை. டன் கணக்கில் வரும் சரக்கைக் குரோமட்டோகிராபிப் பத்தியில் ஏற்றினால் கரைப்பான் செலவே கழுத்தை நெரிக்கும். மாற வேண்டியது பாடத்திட்டம்தான். நாப்தாலுக்குப் பதிலாக, பிகேஏ 4.4 உள்ள பாரா டொலுயிக் அமிலத்தைக் கலவையில் ஒருமுறை போட்டுக் கொடுக்கலாம். பைகார்பனேட் இரண்டு அமிலங்களையும் சேர்த்தே வாரிக்கொண்டு போகும். அடுத்து என்ன செய்வது என்று மாணவர்தான் யோசிக்க வேண்டும்.