இடைக்கால ஆங்கில இலக்கிய வீரர்களின் மேன்மையும் நோக்கமும்: ஓர் ஒப்பீடு

இடைக்கால ஆங்கில இலக்கியம் என்பது ஏறத்தாழ எட்டாம் நூற்றாண்டு முதல் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதி வரை இங்கிலாந்தில் தோன்றிய படைப்புகளைக் குறிக்கும். பழைய ஆங்கிலம், நடு ஆங்கிலம் என இரு மொழிநிலைகளில் இவை அமைந்துள்ளன. இக்காலப் படைப்புகளின் வீரர்களைப் பற்றிப் பாடநூல்களில் பொதுவாகக் காணப்படும் கருத்து ஒன்று உண்டு. பழைய ஆங்கில வீரன் புகழுக்காகப் போரிட்டான். பிற்கால வீரன் கிறித்தவ அறத்துக்காகவும் நாகரிகப் பண்புக்காகவும் போரிட்டான். எனவே வீரம் என்னும் கருத்து படிப்படியாக உயர்ந்தது என்பதே அது. மனப்பாடம் செய்ய இது எளிது. ஆனால் நூல்களை நேரடியாகப் படிப்பவர்க்கு இது போதாது. வீரனின் செயல் பெரிதா, அச்செயலுக்குப் பின் நின்ற எண்ணம் பெரிதா என்ற கேள்வியை எல்லாக் காலக் கவிஞர்களும் எழுப்பியுள்ளனர். பியோவுல்ஃப், பிர்த்நோத், கவைன், லான்சலாட் ஆகிய நால்வரை ஒப்பிட்டால் இது விளங்கும்.

பியோவுல்ஃப்

3182 அடிகள் கொண்ட பியோவுல்ஃப் காப்பியம், ஏறத்தாழ கி.பி. 1000-ஐச் சேர்ந்த ஒரே ஒரு கையெழுத்துப் படியில் கிடைத்துள்ளது. 1731-இல் நடந்த தீ விபத்தில் அப்படியின் ஓரங்கள் கருகின. கதை நிகழும் இடம் டென்மார்க்கும் தென் ஸ்வீடன் பகுதியும் ஆகும். டேனியர் அரசன் ஹ்ரோத்காரின் அரண்மனையை கிரெண்டல் என்னும் அரக்கன் பன்னிரண்டு ஆண்டுகள் அலைக்கழிக்கிறான். கேயாட் இனத்து இளைஞனான பியோவுல்ஃப் பதினான்கு தோழர்களுடன் கடல் கடந்து வந்து அவனைக் கொல்கிறான்.

அவன் ஏன் வந்தான்? நூல் ஒரே விடையைத் தரவில்லை. அவன் புகழை விரும்பினான். ஆனால் அவனுடைய தந்தையின் பகை ஒன்றை ஹ்ரோத்கார் முன்பு பொருள் கொடுத்துத் தீர்த்து வைத்திருந்தான். ஆகவே இது நன்றிக்கடனும் ஆகும். பரிசாகப் பெற்ற செல்வத்தை ஊர் திரும்பியதும் தன் அரசன் ஹையெலாக்கிடம் ஒப்படைக்கிறான். பின்னர் ஹையெலாக் இறந்தபோது, அரசி அரியணையை அவனுக்கே அளிக்க முன்வருகிறாள். அவனோ அதை ஏற்காமல் சிறுவனான அரசகுமாரனுக்குத் துணை நிற்கிறான். அரக்கர் வதங்களைப் போல இச்செயல் பேசப்படுவதில்லை. எனினும் அவனுடைய மேன்மைக்கு இதைவிடச் சிறந்த சான்று காப்பியத்தில் இல்லை.

ஐம்பது ஆண்டுகள் ஆண்ட பிறகு முதிய அரசனாக அவன் ஒரு பறவைநாகத்தை எதிர்கொள்கிறான். தோழர்களை விலகி நிற்கச் சொல்லித் தனியே போரிடுகிறான். பிறர் அஞ்சி ஓட, விக்லாஃப் ஒருவனே உதவிக்கு வருகிறான். நாகம் மடிகிறது, அரசனும் மடிகிறான். வாரிசு இல்லாத நாட்டின் மீது பகைவர் இனிப் படையெடுப்பர் என்ற அச்சத்துடன் நூல் முடிகிறது. ஒருவனுடைய விருப்பத்துக்காகப் பலர் துன்பம் ஏற்க நேர்கிறது என்று அவனை மிகவும் நேசித்த விக்லாஃபே கூறுகிறான். தனித்து நிற்பது இளைஞனுக்குப் பெருமை. நாட்டையே தாங்கும் அரசனுக்கு அதே விருப்பம் பொருந்துமா என்று கவிஞர் கேட்கிறார். காப்பியத்தின் இறுதி அடிகள் அவனை மென்மையானவன், இரக்கமுள்ளவன், குடிகளிடம் அன்புடையவன் என்று போற்றுகின்றன. கடைசிச் சொல்லான ‘லோஃப்யெயர்னோஸ்ட்’, புகழை மிக விரும்பியவன் என்று பொருள்படும். இச்சொல் பாராட்டா, மெல்லிய குறையா என்பது இன்றும் அறிஞர்களிடையே விவாதப் பொருளாக உள்ளது.

பிர்த்நோத்

‘மால்டன் போர்’ உண்மையில் நிகழ்ந்த போரைப் பாடும் கவிதை. 991-ஆம் ஆண்டு எசெக்ஸ் பகுதியில் வைக்கிங்குகள் வந்திறங்கினர். அப்பகுதித் தலைவன் பிர்த்நோத் அவர்களுக்குத் திறை செலுத்த மறுத்தான். கரைக்கும் தீவுக்கும் இடையிலிருந்த குறுகிய வழியை மூன்று வீரர் காத்து நின்றதால் பகைவரால் முன்னேற முடியவில்லை. அப்போது வழிவிடுமாறு வைக்கிங்குகள் கேட்க, பிர்த்நோத் இசைந்தான். போரில் அவன் வீழ்ந்தான். அவன் படையும் தோற்றது.

அவன் வழிவிட்டதற்குக் கவிஞர் கூறும் காரணம் ‘ஓஃபர்மோட்’ என்ற ஒரு சொல்லில் அடங்கும். மிகையான மனத்துணிவு என்றும், செருக்கு என்றும் இதற்குப் பொருள் கொள்வர். இச்சொல் கண்டனமே என்று ஜே. ஆர். ஆர். டோல்கீன் 1953-இல் வெளியிட்ட கட்டுரையில் வாதிட்டார். தடுத்திருந்தால் பகைவர் கப்பலேறி வேறு ஊரைச் சூறையாடியிருப்பர், எனவே அங்கேயே போரிட எண்ணியது தவறன்று என்று கருதுவோரும் உள்ளனர். இரண்டாவது கருத்தில் நியாயம் உண்டு. ஆனால் கவிதை அந்தக் காரணத்தை அவன் வாயிலாகக் கூறவில்லை என்பதையும் கருத வேண்டும்.

இக்கவிதையின் உண்மையான மேன்மை தலைவனிடம் இல்லை. அவன் இறந்த பின் நின்றவர்களிடம் இருக்கிறது. அவனிடம் பல குதிரைகளைப் பரிசாகப் பெற்ற காட்ரிக் என்பவன், தலைவனின் குதிரையிலேயே ஏறி ஓடுகிறான். ஓடுவது தலைவன்தான் என்று நம்பிப் படையின் ஒரு பகுதி சிதறுகிறது. ஆனால் முதியவன் பிர்த்வோல்டும் எளிய குடியானவன் டன்னரும் பின்வாங்கவில்லை. அவர்களுக்கு வெற்றியின் நம்பிக்கையோ பரிசின் ஆசையோ இல்லை. செஞ்சோற்றுக்கடன் ஒன்றே அவர்களை நிறுத்துகிறது. தலைவனின் முடிவு சரியா என்று கேட்க இடமுண்டு. இவர்களுடைய நோக்கத்தில் ஐயத்துக்கு இடமில்லை.

சர் கவைன்

‘சர் கவைனும் பச்சை வீரனும்’ பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்டது. ஆசிரியர் பெயர் தெரியவில்லை. புத்தாண்டு விருந்தில் ஆர்தர் மன்னனின் அவைக்கு வரும் பச்சை வீரன், தன்னை ஒரு முறை வெட்டுபவன் ஓராண்டு கழித்துத் தன்னிடம் ஒரு வெட்டைப் பெற வேண்டும் என்று அறைகூவுகிறான். மன்னனே கோடரியை ஏந்தும் நிலையில், அவையில் தானே வலிமை குறைந்தவன், தன் உயிர் போனால் இழப்பு சிறிது என்று கூறிக் கவைன் அதைக் கேட்டு வாங்குகிறான். பியோவுல்ஃப் தன் வலிமையைச் சொல்லி வாய்ப்புக் கேட்டான். கவைன் தன் எளிமையைச் சொல்லிக் கேட்கிறான்.

ஓராண்டுக்குப் பின் செல்லும் வழியில் ஒரு கோட்டையில் தங்குகிறான். நாள்தோறும் இருவரும் பெற்றதை மாலையில் மாற்றிக்கொள்வது என்று கோட்டைத் தலைவனுடன் ஒப்பந்தம். தலைவனின் மனைவி தந்த முத்தங்களைக் கவைன் திருப்பித் தருகிறான். அவள் நீட்டிய பொன் மோதிரத்தை மறுக்கிறான். ஆனால் உயிரைக் காக்கும் என்று அவள் சொன்ன பச்சை இடைக்கச்சையை மட்டும் ஏற்று, அதை மறைத்துவிடுகிறான். கோட்டைத் தலைவனே பச்சை வீரன் என்பது பின்னர் தெரிகிறது. அவன் இரு முறை ஓங்கி நிறுத்தி, மூன்றாம் முறை கழுத்தில் சிறு கீறல் மட்டும் இடுகிறான். பேராசையாலோ காமத்தாலோ அன்றி உயிர்மேல் கொண்ட ஆசையால் செய்த பிழை என்பதால் குறை சிறிதே என்கிறான். செயலைவிட நோக்கத்தைக் கொண்டு தீர்ப்பு வழங்கும் இடம் இதுவே.

கவைன் குறையற்றவன் அல்லன். பிழை வெளிப்பட்டதும் பெண்கள் மீது பழி சுமத்திப் பேசுகிறான். எனினும் ஊர் திரும்பியபின் எதையும் மறைக்கவில்லை. கச்சையை வெட்கத்தின் அடையாளமாக அணிகிறான். அவையோரோ சிரித்து, அதையே பெருமைச் சின்னமாகத் தாமும் அணிகின்றனர். உலகம் தரும் புகழும் வீரன் தனக்குத் தானே தரும் மதிப்பீடும் இங்கே பிரிந்துவிடுகின்றன.

லான்சலாட்

தாமஸ் மாலரி சிறையில் இருந்தவாறு 1469–70 காலத்தில் முடித்த ‘ஆர்தரின் மரணம்’ என்ற உரைநடை நூலை வில்லியம் காக்ஸ்டன் 1485-இல் அச்சிட்டார். இதில் லான்சலாட்டுக்கு நிகரான வீரன் இல்லை. ஆனால் அவனுடைய அருஞ்செயல்களுக்குப் பின்னால் அரசி கினிவியர் மீதுள்ள காதல் நிற்கிறது. ஆர்தரிடம் கொண்ட விசுவாசமும் அக்காதலும் ஒன்றோடொன்று மோதுகின்றன.

உலகின் தலைசிறந்த வீரன் தொட்டால் மட்டுமே ஆறும் புண்களுடன் சர் உர்ரி அவைக்கு வருகிறான். அனைவரும் முயன்று தோற்ற பின், தயங்கித் தயங்கி லான்சலாட் தொடுகிறான், புண் ஆறுகிறது. எல்லோரும் மகிழ, அவன் மட்டும் அடிபட்ட குழந்தையைப் போல் அழுகிறான். தன் உள்ளத்தை அறிந்தவன் அவன் ஒருவனே. பின்னர் அரசியைத் தீயிலிருந்து மீட்கும்போது, தன்னிடம் பேரன்பு கொண்டிருந்த கேரத்தை அடையாளம் தெரியாமல் கொன்றுவிடுகிறான். கேரத்தின் அண்ணனான கவைன் பழிதீர்க்க எழுகிறான். அதனால் அரசே அழிகிறது. அடக்கத்தின் வடிவாக இருந்த கவைன், இந்நூலில் வஞ்சினத்தின் வடிவாக நிற்பது கவனிக்கத்தக்கது. எனினும் இறக்கும் முன் லான்சலாட்டுக்கு மடல் எழுதித் தன் பிழையை ஏற்கிறான்.

மதிப்பீடு

நால்வரில் எவரும் கோழையர் அல்லர். ஆகவே வீரத்தின் அளவை வைத்து அவர்களைத் தரம் பிரிக்க இயலாது. ஒருவருடைய நோக்கத்துக்கு விலை கொடுப்பவர் யார் என்று கேட்டால் வேறுபாடு தெளிவாகும். இளம் பியோவுல்ஃபும் கவைனும் தம் உயிரையே பணயம் வைத்தனர். முதிய பியோவுல்ஃப், பிர்த்நோத், லான்சலாட் ஆகியோரின் விருப்பத்துக்கு அவர்களைச் சார்ந்தவர்களும் விலை கொடுத்தனர்.

மேன்மை பிறப்பால் வருவதன்று, நடத்தையால் வருவது என்று சாசரின் ‘கான்டர்பரி கதை’களில் வரும் முதியவள், குற்றம் புரிந்த ஒரு வீரனுக்கு எடுத்துரைக்கிறாள். குடியானவன் டன்னர் அதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே சான்றாக நின்றவன். எனவே வீரத்தின் கருத்து காலப்போக்கில் உயர்ந்தது என்பதைவிட, அது தொடக்கம் முதலே கேள்விக்கு உட்படுத்தப்பட்டது என்பதே பொருந்தும். இக்கவிஞர்கள் தம் வீரர்களை நேசித்தனர். ஆனால் அந்த நேசத்துக்காக அவர்களுடைய குறைகளை மறைக்கவில்லை. இந்நூல்கள் இன்றும் படிக்கப்படுவதற்கு அந்த நேர்மை முக்கியக் காரணம் ஆகும்.