கைட்டன் புத்தகத்தில் பல் எங்கே இருக்கிறது?

நம்ம ஊரில் பி.டி.எஸ். முதல் வருஷப் பிள்ளைகள் பலரின் மேசையில் கைட்டனின் பிசியாலஜி புத்தகம் இருக்கும். 1956-ல் முதல் பதிப்பு வந்தது. நல்ல புத்தகம்தான், அதில் சந்தேகமே இல்லை. இதயத்தையும் சிறுநீரகத்தையும் இவ்வளவு பொறுமையாக விளக்குகிற பாடநூல்கள் குறைவு. என் சண்டை வேற. அதில் பல்லைத் தேடிப் பாருங்க.

பாராதைராய்டு, கால்சிட்டோனின், கால்சியம், வைட்டமின் டி, எலும்பு என்று நீளும் ஓர் அத்தியாயத் தலைப்பில் கடைசிச் சொல்லாக 'பற்கள்' வரும். பந்தியில் கடைசி இலை மாதிரி. உமிழ்நீர் அங்கே கிடையாது. அது பதினைந்து அத்தியாயம் முன்னாடி, இரைப்பைச் சாறு, பித்தநீர் கூட்டத்தில் இருக்கிறது. உமிழ்நீர் வற்றினால் சொத்தை பெருகும் என்று அங்கே சொல்லத்தான் செய்கிறார்கள், சில வரிகளில். ஆனால் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மனசில் நிற்பது எது? ஒரு நாளைக்குச் சுமார் 1 லிட்டர், அமைலேஸ், மாவுச்சத்து. அவ்வளவுதான்.

வாய்க்குள் உமிழ்நீர் செய்கிற பெரிய வேலை அது இல்லை. இனிப்பு சாப்பிட்ட சில நிமிஷங்களில், பல் மேல் படிந்திருக்கும் பாக்டீரியாக்கள் அமிலம் சுரந்து பிஹெச் அளவை 5.5-க்குக் கீழே இறக்கிவிடும். எனாமல் கரையத் தொடங்கும். அதை மறுபடி மேலே ஏற்ற உமிழ்நீரின் பைகார்பனேட் வேண்டும். கரைந்த இடத்தை ஓரளவு நிரப்ப அதே உமிழ்நீரின் கால்சியமும் பாஸ்பேட்டும் வேண்டும். அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகலாம். 1940-களில் ஸ்டீபன் அளந்து வரைந்த வளைகோடு இதுதான். தூங்கும்போது சுரப்பு ஏறக்குறைய நின்றுபோகும். ராத்திரி பல் தேய்க்கச் சொல்வதற்கு இது ஒரு முக்கியமான காரணம். பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி மூன்றும் இந்த ஒரே கோட்டில் இருக்கு. நாம அதை இரண்டு வருஷத்தில் துண்டு துண்டாகக் கொடுக்கிறோம்.

மூன்றாம் வருஷம் நாற்காலியில் ஒருவர் வந்து உட்காருகிறார். ஈறோரமாக வரிசையாகச் சொத்தை. போன வருஷம் இல்லை. நடுவில் கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை நடந்திருக்கலாம், மனச்சோர்வுக்கு மாத்திரை ஆரம்பித்திருக்கலாம். உமிழ்நீரைச் செரிமானக் கணக்கில் மட்டும் படித்தவர் ஒன்றை அடைப்பார், அடுத்ததை அடைப்பார். கொஞ்ச மாசத்தில் அடைத்ததன் ஓரத்திலேயே மறுபடி சொத்தை வரும். "வாய் வறண்டு போகுதா? என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்ற கேள்வி அவருக்குத் தோன்றாது.

'பல் டாக்டருக்கு எதுக்குங்க இவ்வளவு பிசியாலஜி' என்று அலுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் நேரெதிர், இன்னும் கூடவே வேணும், ஆனால் வாயிலிருந்து தொடங்க வேணும். கைட்டன் மேல் குற்றமில்லை, அது பொது மருத்துவம் படிக்கிறவர்களை மனசில் வைத்து எழுதிய புத்தகம். அப்படியே தூக்கி பல் மருத்துவ வகுப்பில் வைத்தது நாம்தான். புதுப் புத்தகம் வரும்வரை, குறைந்தது அந்த இரண்டு அத்தியாயங்களையும் ஒரே வாரத்தில், ஸ்டீபன் வளைகோட்டை முதலில் போர்டில் வரைந்துவிட்டு நடத்தலாம்.