குழாயில் எண்ணெய், குடத்தில் வெறுமை

எண்ணெய்க் குடம் உடைந்தவனும் ஐயோ என்றான், தண்ணீர்க் குடம் உடைந்தவனும் ஐயோ என்றான் என்பது நாட்டார் வழக்கு. இழப்பு பெரிதாயினும் சிறிதாயினும் அழுகை ஒன்றே என்று அதற்குப் பொருள் உரைப்பர். வடசென்னைக்கு வந்து பாருங்கள், தோழர்களே! பழமொழி பொய்த்துப் போகக் காண்பீர்கள். இங்கே எண்ணெய்க் குடம் உடைந்தால், எண்ணெய்க்கு உடையவன் அழுவதில்லை. தண்ணீர்க் குடம் சுமப்பவள்தான் இரண்டுக்கும் சேர்த்து அழுகிறாள்!

மிகைப்படக் கூறவில்லை. 2017 ஜனவரி 28ஆம் நாள், எண்ணூர்த் துறைமுகத்தின் அருகே இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கடலில் கொட்டிய எண்ணெய், கரைப் பாறைகளில் கரும்பிசினாய்ப் படிந்தது. விண்ணுக்குக் கலம் ஏவும் நாடு, வாளி கொண்டு அதனை அள்ளியது! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து, கொசத்தலையாற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மணலி ஆலையின் வளாகத்தைச் சுட்டியது. ஆலையோ தன் குழாய்களில் கசிவே இல்லை என்றது. வழக்காடுவோர் வழக்காடிக்கொண்டிருக்க, படகேறிச் சென்று எண்ணெயை அள்ளியவர் யார்? மீண்டும் அதே மீனவர்! விபத்து வேறு, ஆண்டு வேறு. அள்ளிய கை மட்டும் மாறவில்லை.

எண்ணெய் வளம் நிறைந்த நாடுகளில் செல்வம் ஒரு புறமும் வறுமை மறுபுறமும் குவிந்து கிடப்பதைப் பற்றி அறிஞர் பலர் எழுதுகின்றனர். அதனைக் காணக் கடல் கடக்க வேண்டியதில்லை; இராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர் வழியே எண்ணூர் வரை சென்றாலே போதும்.

திருவொற்றியூருக்கு அண்டையில் மணலி. 1965இல் இந்திய அரசும், அமெரிக்க எண்ணெய் நிறுவனமொன்றும், ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து அமைத்த சுத்திகரிப்பு ஆலை, 1969இல் அங்கே இயங்கத் தொடங்கியது. அன்று ஆண்டுக்கு 25 இலட்சம் டன் சுத்திகரித்த ஆலை, இன்று ஒரு கோடி டன்னுக்கும் மேல் சுத்திகரிக்கும் ஆற்றல் பெற்றுள்ளது. அதன் பக்கத்தில் உர ஆலை. எண்ணூரில் 1970 முதல் 2017 வரை இயங்கிய அனல் மின் நிலையம்; அது ஓயுமுன்பே எழுந்துவிட்ட வடசென்னை அனல் மின் நிலையம்; வல்லூரில் இன்னொன்று. இராயபுரத்தை ஒட்டிப் பழைய துறைமுகம். எண்ணூரில் 2001இல் திறந்த புதிய துறைமுகம். மாநகரின் விளக்கு எரிய, வண்டி ஓட, வாணிகம் வளர, வேண்டுவன யாவும் இப்பகுதியின் தோள்மீது!

கொடுப்பது இவ்வளவு. பெறுவது என்ன?

நிலத்தடி நீரைப் பாருங்கள். மீஞ்சூர்ப் பகுதியின் ஆழ்கிணறுகளிலிருந்து நகருக்கும் ஆலைக்கும் ஆண்டுக்கணக்கில் இறைத்தனர். இறைத்த இடத்தில் கடல் புகுந்தது, கிணறு கரித்தது. பின்னர், 2010இல், அதே மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் எழுந்தது. நன்னீரை உவராக்குவதற்கு ஒரு தலைமுறை. உவரை நன்னீராக்குவதற்குப் பல நூறு கோடி! இத்தனைக்குப் பிறகும் லாரி வரும் நாளை எண்ணிக் குடங்களை வரிசை வைக்கும் தெருக்கள் இங்கே உண்டு.

போக்குவரத்தைப் பாருங்கள். தென்னகத்தின் முதல் பயணிகள் ரயில் 1856இல் புறப்பட்டது இராயபுரத்திலிருந்து. அந்தப் பெருமையை உடைய வடசென்னைக்கு மெட்ரோ ரயில் எப்போது வந்தது? நகரில் 2015இல் ஓடத் தொடங்கியது, திருவொற்றியூரைத் தாண்டி விம்கோ நகரை எட்டியது 2021இல். எண்ணூரை இன்னும் எட்டவில்லை. நாட்கூலிக்குப் போகிறவர், 5 ரூபாய்க்கும் 10 ரூபாய்க்கும் பயணச்சீட்டுத் தரும் மின்சார ரயிலையே இன்றும் நம்பி நிற்கிறார். கண்டெய்னர் லாரிகளுக்குப் பஞ்சமில்லை. இரவும் பகலும் அவை சாலையை அடைத்து நிற்கின்றன.

நூலகத்தைப் பாருங்கள். அறிஞர் அண்ணாவின் பெயரால் 2010இல் எழுந்த பெருநூலகம் கோட்டூர்புரத்தில் இருக்கிறது. மகிழ்கிறோம். ஆனால் நகரின் குப்பை மலை எங்கே இருக்கிறது? கொடுங்கையூரில்! அறிவு தெற்கே, அழுக்கு வடக்கே என்று வகுத்த மனு யார்?

இவ்வாறு கேட்டால், மூன்று விதமாக விடை பகர்வோர் உளர்.

முதலாமவர் பழமைவாதி. செல்வம் நிலையாதது, விதித்தபடியே எல்லாம் நடக்கும் என்பார். பொருளைத் துறந்த வணிகர் என்று போற்றப்படும் பட்டினத்தாரின் சமாதி திருவொற்றியூர்க் கடற்கரையில்தான் இருக்கிறது என்று எடுத்தும் காட்டுவார். நன்று. ஒரு வினா: பட்டினத்தார் துறந்தது தம்மிடம் இருந்த செல்வத்தை. இல்லாதவனைப் பார்த்துத் துறவு பேசுவது எந்த வகை ஞானம்? செல்வம் நிலையாது எனும் பாடத்தை ஆலையின் ஆண்டறிக்கை படிக்கும் கூட்டத்தில் போதிக்கக் காணோம். குடத்தோடு நிற்பவளிடம்தானே போதிக்கின்றனர்! குழாயைப் பதித்தவன் மனிதன். எந்தத் தெருவுக்குக் குழாய், எந்தத் தெருவுக்கு லாரி என்று முடிவு செய்தவனும் மனிதன். இதில் பிரமனுக்கு என்ன வேலை?

இரண்டாமவர் புதுமைவாதிபோல் தோன்றுபவர். நெற்றியில் குறி இல்லை. வாயில் 'வளர்ச்சி' எனும் மந்திரம் உண்டு. ஆலை வந்தால் வேலை வரும், வேலை வந்தால் வாழ்வு வரும், பொறுத்திருங்கள் என்பார். 1969 முதல் பொறுத்திருக்கிறோம்! தாத்தா பொறுத்தார், தந்தை பொறுத்தார். பேரன் ஆலை வாயிலில் ஒப்பந்தக் கூலியாய் நிற்கிறான். மறுமையில் இன்பம் உண்டு, இம்மையில் பொறு என்று புரோகிதர் சொன்னதற்கும் இதற்கும் வேறுபாடு என்ன? ஆலை வேண்டாம் என்பதல்ல நம் வாதம். கணக்குக் கேட்காதே என்று கட்டளையிடும் எதுவும், அது கோயிலானாலும் கொதிகலனானாலும், மூடநம்பிக்கையே என்பதுதான் நம் வாதம்.

மூன்றாமவர் தேசியம் பேசுவார். இது பொதுத்துறை ஆலையாயிற்றே, இலாபம் நாட்டுக்குத்தானே என்பார். பொதுத்துறை என்பதால்தான் உரிமையோடு கேட்கிறோம்! 2022-23ஆம் ஆண்டில் அவ்வாலையின் நிகர இலாபம் 3,500 கோடி ரூபாயைத் தாண்டியது. அடுத்த ஆண்டில் எண்ணெய் பரவியபோது, வாழ்விழந்த குடும்பங்களுக்கும் பாழான படகுகளுக்கும் மாநில அரசு அறிவித்த உதவித் தொகை, அனைத்தும் சேர்த்து 8 கோடியே 68 இலட்சம். மிகுதியாகப் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 12,500 ரூபாய். இரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பாருங்கள். விளக்கவுரை வேண்டியதில்லை.

எண்ணெயின் இயல்பே இதுதானோ என்று ஐயுறுவோர் உலகை நோக்கட்டும். மணலி ஆலை இயங்கத் தொடங்கிய அதே 1969இல்தான் நார்வே தன் கடலில் பெரும் எண்ணெய் ஊற்றைக் கண்டது. அந்நாடு எண்ணெய் வருவாயில் பெரும்பங்கை அரசுக்கென வரியாய்ப் பெற்றது. 1990இல் சட்டம் இயற்றி, வருங்காலத் தலைமுறைக்கும் சேர்த்து நிதியம் அமைத்தது. நைஜீரியாவில் எண்ணெய் கிடைத்தது 1956இல். நைஜர் ஆற்றுக் கழிமுகத்து மக்களுக்கோ மீனற்ற நீரும் எரியும் புகையுமே பங்காயின. நியாயம் கேட்ட எழுத்தாளர் கென் சாரோ-விவாவையும் தோழர் எண்மரையும் 1995 நவம்பர் 10ஆம் நாள் இராணுவ ஆட்சி தூக்கிலிட்டது. எண்ணெய் வளத்தில் திளைக்கும் குவைத்தில், 2024 ஜூன் 12ஆம் நாள், மங்காஃப் எனும் இடத்தில் தொழிலாளர் தங்கிய கட்டடம் தீப்பற்றியது. மாண்ட இந்தியர் நாற்பது பேருக்கும் மேல். அவருள் எழுவர் தமிழகத்தவர். ஒரே எண்ணெய்தான். ஓரிடத்தில் பள்ளியும் மருத்துவமனையும் ஆயிற்று. மற்றோரிடத்தில் தூக்குக் கயிறாயிற்று. பிறிதோரிடத்தில் பிழைக்கப் போனவனுக்குப் பாதுகாப்பான படுக்கையும் இல்லாது போயிற்று. வேறுபாடு எண்ணெயில் இல்லை. பங்கிடும் முறையில் இருக்கிறது.

நம்மவர் ஆட்சி எதுவும் செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்திருக்கிறது. 2021 முதல் மகளிர் நகரப் பேருந்தில் கட்டணமின்றிச் செல்கின்றனர். 2024 மார்ச்சில் 4,181 கோடி ரூபாயில் வடசென்னை வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. வரவேற்கிறோம். ஆனால் அதனை வள்ளன்மை என்று வாழ்த்துரை பாடுவதை ஏற்கோம். நெடுங்காலம் கட்டத் தவறிய நிலுவையில் இது முதல் தவணை. கடன் தீர்ப்பவனுக்கு மாலை சூட்டலாம், கடனையே மறந்துவிடலாகாது.

மேலும், ஓர் ஆட்சி தந்ததை இன்னோர் ஆட்சி நிறுத்தலாம். சட்டம் தருவதை அத்துணை எளிதில் நிறுத்த இயலாது. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம், பெருநிறுவனங்கள் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. எதற்கு, எவருக்கு என்று முடிவு செய்வது நிறுவனமே. பெயர்ப் பலகை மாட்டிய பேருந்து நிழற்குடையோடு அது முடிந்தும் போகலாம். ஆனால் சுரங்கத்துக்கு வேறு நியதி இருக்கிறது. 2015இல் திருத்திய கனிமச் சட்டப்படி, கனிமம் தோண்டுவோர், தோண்டலால் பாதிக்கப்படும் மக்களின் நலனுக்கென மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குப் பணம் செலுத்தியே தீர வேண்டும். தோண்டும் இடத்துக்கு உள்ள இந்த நியாயம், சுத்திகரிக்கும் இடத்துக்கும், நிலக்கரி எரிக்கும் இடத்துக்கும், கப்பல் இறக்கும் இடத்துக்கும் ஏன் இல்லை? நிலத்தின் வயிற்றைக் கிழித்தால் ஈடு. மனிதனின் நுரையீரலைக் கெடுத்தால் ஈடில்லையா?

2023 டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவில், எண்ணூர்ப் பெரியகுப்பத்தருகே உர ஆலையொன்றின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினர் மக்கள். அவர்கள் ஓடிய வழியில் வேண்டியிருந்தது நினைவுச் சின்னமா, நீரூற்றுப் பூங்காவா? மூச்சுத் திணறுபவனை ஏற்கும் அரசு மருத்துவமனை, நடந்து எட்டும் தொலைவில்! கேட்பது இதுதான்: குழாயில் குடிநீர், அருகில் மருத்துவம், எட்டும் கட்டணத்தில் பயணம், தெருவில் படிப்பகம். இவற்றுக்கு ஆலைகளும் துறைமுகங்களும் ஆண்டுதோறும் செலுத்தும் சட்டப் பங்கு. அப்பங்கின் கணக்கு ஊர்மன்றத்தில் வாசிக்கப்படும் வழக்கம்.

மீனவர் குலத்தில் தோன்றிய சிங்காரவேலர், 1923இல் இச்சென்னைக் கடற்கரையில் மே நாள் கொடி உயர்த்தினார். 'குடியரசு' ஏட்டில் அறிவியலும் எழுதினார். உழைப்பவன் கையில் கொடியும் வேண்டும், கணக்கும் வேண்டும் என்பதே அவர் வாழ்வு காட்டும் வழி. இளைஞர்காள்! பகுத்தறிவு, கல்லைச் சாமியல்ல என்று சொல்வதோடு முடிவதன்று. ஆலையின் ஆண்டறிக்கையைப் படியுங்கள். தெருவில் எத்தனை குழாய், எத்தனை நாள் நீர் என்று எண்ணுங்கள். எண்ணியதை எழுதி மன்றத்தில் வையுங்கள். வாக்குக் கேட்டு வருபவர் எவராயினும், நம்மவரேயாயினும், முதலில் அதற்கு விடை கேளுங்கள். பிச்சையென்று கேட்டால் மனம் இருந்தால் தருவர். பங்கென்று கேட்டால் தந்தே தீர வேண்டும். வடசென்னை கேட்க வேண்டியது பங்கு!