பிணையும் சான்றும்: வகுப்பறையில் ஒரு சீறாப்புராணப் படலம்

சீறாப்புராணத்தின் நுபுவ்வத்துக் காண்டத்தில் வரும் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' தமிழ் முஸ்லிம்களுக்குப் புதிதன்று. பாட்டிமார் சொல்லக் கேட்டவர்கள், மீலாது மேடைகளில் கேட்டவர்கள், பள்ளியில் மனப்பாடச் செய்யுளாகப் படித்துப் பின் மறந்தவர்கள் என எவ்வகையிலேனும் அக்கதை நம்மை வந்து சேர்ந்திருக்கும். 92 படலங்களும் 5027 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியத்தில் பொது வாசகர் நினைவில் தங்குபவை மிகச் சில. அவற்றுள் இது ஒன்று. இப்படலம் மேனிலைப் பள்ளி வகுப்பறையில் என்ன ஆகிறது என்பதைச் சற்று உற்று நோக்க விரும்புகிறோம்.

கிழக்குக் கரையூர் ஒன்றின் பள்ளியில், பதினோராம் வகுப்பில் இப்படலத்தின் செய்யுள்கள் சில நடத்தப்பட்ட வேளை நாம் பின் வரிசையில் அமர்ந்திருந்தோம். ஆசிரியர் முஸ்லிம் அல்லர். செய்யுளைச் சீர் பிரித்து இனிமையாக ஓதத் தெரிந்தவர். அருஞ்சொற்பொருள் கூறினார். பின்னர், 'நபிகள் நாயகத்தின் கருணை' என்ற தலைப்பில் நான்கு குறிப்புகளைச் சொல்ல, மாணவர் எழுதிக்கொண்டனர். அப்போது ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, இது ஸஹீஹான ஹதீஸா?" என்று கேட்டான். ஆசிரியர் திகைத்து, "இது காப்பியம் தம்பி, அப்படியெல்லாம் கேட்கக்கூடாது" என்றார். மற்றொருவன், "இது பலவீனமானது, கைப்பேசியில் வந்தது" என்றான். எந்த நூலில் அவ்வாறு உள்ளது என்று ஆசிரியர் வினவ, "வாட்ஸ்அப்பில்" என்பதே அவனிடமிருந்த விடை. பின் வரிசையில், நமக்கு அருகில் இருந்த மீனவர் வீட்டுப் பிள்ளை ஒருவன் மட்டும், "வலையில விழுந்ததை விட்டுட்டா வேடன் வீட்டுக்கு என்னத்தைக் கொண்டு போவான்?" என்று தன் தோழனிடம் முணுமுணுத்தான். சிரிப்பு எழுந்தது. ஆசிரியர் நூலை மூடிவிட்டுப் புணர்ச்சி விதிகளுக்குச் சென்றார்.

அவ்வகுப்பில் எழுந்த வினாக்கள் அனைத்தும் நல்ல வினாக்களே. ஒன்றுக்கும் விடை கிடைக்கவில்லை என்பதே நம் வருத்தம். ஆசிரியரைக் குறை கூற நாம் இதை எழுதவில்லை. அவர் கையிலிருந்த குறிப்புகளில் அவ்விடைகளுக்கு வழியே இல்லை. 'நூற்குறிப்பு' என்ற பகுதி உமறுப் புலவரின் காலத்தையும், சீதக்காதி வள்ளலையும், பின்னர் ஆதரித்த பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரையும், மூன்று காண்டங்களின் பெயர்களையும் சொல்லி நின்றுவிடுகிறது. புலவர் எதைக் கொண்டு பாடினார் என்பது அதில் இல்லை.

அந்த மீனவச் சிறுவனின் வினாவிலிருந்து தொடங்குவோம். நம் கருத்தில் அதுவே படலத்தின் உள்ளே நேராகச் செல்வது. வேடன் ஒருவனிடம் அகப்பட்டுக் கட்டுண்டு கிடக்கும் பெண்மான், அவ்வழி வரும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் கண்டு தன் துயரை மொழிகிறது. தன் இளங்கன்று பாலின்றிப் பரிதவிக்கும். அதற்குப் பாலூட்டிவிட்டு மீண்டு வர விடை வேண்டும் என்கிறது. நபியவர்கள் வேடனிடம் மானை விடுமாறு கேட்டு, அது வரும் என்பதற்குத் தாமே பிணை நிற்கிறார்கள். காட்டிற்குள் விட்ட விலங்கு மீண்டும் கட்டுக்கு வருமா என்று வேடன் ஐயுறுகிறான். மான் சென்று தன் இனத்தைச் சேர்கிறது. இனம் அதனைப் போகவிடாமல் தடுக்கிறது. தனக்காகப் பிணை நின்றவரைக் கைவிட மறுத்து, கன்றும் உடன்வர அது மீள்கிறது. கண்ட வேடன் ஈமான் கொள்கிறான்.

தேர்வுக் குறிப்புகள் இதிலிருந்து 'கருணை' என்ற ஒரு சொல்லை மட்டும் பிரித்தெடுக்கின்றன. கருணை என்பது ஒருவரின் பண்பாகி, மாணவன் அதனைப் பட்டியலிட்டு மதிப்பெண் பெறுகிறான். ஆனால் படலம் செய்வது வேறு. அது ஒவ்வொருவரையும் பேசவிடுகிறது. மான் பேசுகிறது, வேடன் மறுத்துப் பேசுகிறான், தடுக்கும் இனமும் பேசுகிறது. அவரவர் நிற்கும் இடத்திலிருந்து அவரவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிறர் நிலையில் நின்று உணரும் ஒத்துணர்வு என்பதைக் கற்பிக்க வேறு பாடம் தேடவேண்டியதில்லை. மானுக்காக இரங்குவது எளிது. கன்றை எண்ணி யாரும் கண்கலங்குவர். வேடனின் ஐயத்தை நகையாமல் கேட்பதே அரிது. உமறு அதனைக் கேட்கிறார். நபியவர்கள் அவனை அதட்டவில்லை, மானைப் பறிக்கவில்லை, பிணை கொடுக்கிறார்கள். பிணை என்பது எதிரே ஓர் உரிமையாளன் இருக்கிறான் என்பதை ஒப்புக்கொண்ட பின்னரே பொருள்படும் சொல். ஃபிக்ஹு நூல்களில் கஃபாலா என்னும் பகுதியைப் படித்தோர் இதனை உடனே உணர்வர்: கடன் இல்லையேல் பிணையும் இல்லை. ஆக, வேடன் வீட்டுக்கு என்ன கொண்டு போவான் என்ற சிறுவனின் கவலை படலத்திற்கு வெளியே நிற்கும் குறும்பன்று. பிணை என்ற ஏற்பாடே அக்கவலைக்கு இடமளிப்பது. அதனை ஆசிரியர் செவிமடுத்திருந்தால் அன்றைய பாடம் அங்கிருந்தே தொடங்கியிருக்கும்.

இனி, ஸஹீஹா என்ற வினா. இதனை எழுப்பும் மாணவனை அடக்குவது நம் மரபுக்கே முரணானது. அறிவிப்பாளர் தொடரைத் தீனின் ஒரு பகுதியாகவே எண்ணியவர்கள் நம் முன்னோர். யார் சொன்னது, அவர் யாரிடம் கேட்டார் என்று விசாரிப்பதைக் கல்வியின் ஒழுக்கமாக்கிய சமுதாயத்தின் பிள்ளை, தமிழ் வகுப்பில் அதே வினாவைக் கேட்டால், 'இது காப்பியம்' என்று வாயடைப்பது முறையன்று. உமறுப் புலவரே அவ்வாறு எண்ணியிருக்கமாட்டார். கீழக்கரை சதக்கத்துல்லா அப்பா அவர்களை நாடி, சீறத்தின் செய்திகளைக் கேட்டுப் பெற்றே பாட முனைந்தார் என்பது நம்மிடையே வழங்கும் வரலாறு. அவ்வரலாற்றோடு சேர்ந்து வரும் கனவுச் செய்திகளை ஒருபுறம் வைத்தாலும், ஆலிமிடம் மூலம் கேட்காமல் இப்பொருளைப் பாடக்கூடாது என்ற எண்ணம் அக்காலப் புலவரிடம் இருந்தது என்பதை அது காட்டுகிறது.

மூலத்தைத் தேடினால் என்ன கிடைக்கிறது? மான் பேசிய செய்தி அபூ நுஅய்ம் (இ. 1038), பைஹகீ (இ. 1066) ஆகியோரின் நுபுவ்வத்துச் சான்றுகள் பற்றிய தொகுப்புகளில் வெவ்வேறு வழிகளில் வந்துள்ளது. காழீ இயாழின் 'அஷ்ஷிஃபா'விலும் அது குறிக்கப்படுகிறது. அத்தொடர்களை ஹதீஸ் கலை வல்லுநர் பலவீனமானவை என்றே மதிப்பிட்டனர். இப்னு கஸீர் (இ. 1373) இன்னும் கடுமையாக, இதற்கு அடிப்படையே இல்லை என்று தீர்த்தார். அவருடைய தீர்ப்பை எடுத்துக்காட்டும் ஸகாவீ (இ. 1497), இச்செய்தி மக்கள் நாவிலும் நபிபுகழ்ப் பாடல்களிலும் பரவியிருப்பதை முதலில் குறித்துவிட்டு, இப்பொருளில் பல அறிவிப்புகள் வந்துள்ளன, அவை ஒன்றுக்கொன்று ஓரளவு வலுச்சேர்க்கின்றன என்பதையும், தம் ஆசிரியர் இப்னு ஹஜர் (இ. 1449) அவற்றை எடுத்துரைத்த அவையையும் அருகிலேயே வைக்கிறார். மக்கள் நாவில் உலவும் செய்திகளைத் தொகுத்து ஆராய்வதற்கென்றே 'அல்மகாஸிதுல் ஹஸனா'வை எழுதியவர் அவர். இன்றைய கைப்பேசிச் செய்திகளுக்கும் அப்படியொருவர் வேண்டும்!

நாம் கவனிக்க வேண்டியது அந்நூலின் முறைமையை. கடுமையான தீர்ப்பு, அத்தீர்ப்பைச் சொன்னவரின் பெயர், அதனை மறுப்போரின் கருத்து, அவர்களின் பெயர் என அனைத்தும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. 'பலவீனம்' என்ற ஒற்றைச் சொல்லை யார் சொன்னார் என்று அறியாமல் வகுப்பில் வீசிய மாணவனிடம் இல்லாதது இந்த முறைமையே. மூலம் கேட்பவன் தன் மறுப்புக்கும் மூலம் காட்டக் கடமைப்பட்டவன். மூலமில்லாமல் ஹதீஸை ஏற்பதும், மூலமில்லாமல் ஹதீஸைத் தள்ளுவதும் ஒரே சோம்பலின் இரு தோற்றங்கள்.

மூலத்தைக் காட்டினால் காப்பியத்தின் மதிப்புக் குறையும் என்று அஞ்சுவோர் நம்மில் உளர். நடந்து பார்த்தால் எதிரானதே நிகழ்கிறது. உம்மு ஸலமா (ரலி) அவர்கள் வழியாகச் சொல்லப்படும் அறிவிப்பில் வேடராகிய கிராமவாசி போர்வைக்குள் வெயிலில் உறங்கிக்கொண்டிருக்கிறார். மான் தன் இரு குட்டிகளைப் பற்றிச் சொல்லி, மீளாவிடில் வரி தண்டுவோனுக்குரிய வேதனை தனக்கு நேரட்டும் என்று சத்தியம் செய்கிறது. (கடல் வாணிகத்தில் சுங்கம் கட்டிச் சலித்த மரைக்காயர்கள் இதைக் கேட்டிருந்தால் புன்னகைத்திருப்பர்.) அபூ ஸயீத் (ரலி) அவர்கள் பெயரால் வரும் அறிவிப்பில் மான் ஒரு கூடாரத்தில் கட்டப்பட்டிருக்கிறது, நபியவர்கள் மானிடமே உறுதி பெற்று அவிழ்த்து விடுகிறார்கள், அது திரும்பிய பின்னரே உரியவரிடம் கேட்டு அதனை விடுவிக்கிறார்கள். இவ்விரண்டிலும் வேடனோடு வாதிட்டுப் பிணை நிற்கும் காட்சி இல்லை. உமறுவின் படலத்திலோ வேடன் விழித்திருக்கிறான், ஐயுறுகிறான், வாதிடுகிறான். படலத்தின் பெயரே அவன் விழித்திருப்பதால் வந்தது.

இம்மாற்றம் முழுவதும் உமறுவின் கற்பனை என்று நாம் சொல்லத் துணியவில்லை. மவ்லிது மரபிலும் மக்கள் வழக்கிலும் கதை முன்னரே வளர்ந்திருக்கலாம்; எகிப்திய நாட்டுப்பாடல்களிலும் நபியவர்கள் மானுக்குப் பிணை நின்றவராகவே போற்றப்படுகிறார்கள். ஆயினும் ஒரு மாணவன் அரபு அறிவிப்பையும் தமிழ்ப் படலத்தையும் அருகருகே வைத்து, "இங்கே வேடன் ஏன் உறங்கவில்லை?" என்று கேட்டானாயின், அக்கணமே அவன் இலக்கியத் திறனாய்வுக்குள் நுழைந்துவிடுகிறான். மூலம் குறிக்கப்படாத பாடத்தில் இவ்வினா பிறக்கவே வழியில்லை. காப்பியத்தை ஆதாரம் கேட்கக்கூடாத புனைவென்று ஒதுக்கும் ஆசிரியரும், ஆதாரமற்றதென்று ஒதுக்கும் இளைஞரும் இந்த இடத்திற்கு வந்து சேராமலே நின்றுவிடுகின்றனர்.

தமிழ் நமக்குக் கொடுத்திருக்கும் ஒரு வாய்ப்பையும் இங்கே குறிக்கவேண்டும். 'பிணை' என்ற சொல் பெண்மானுக்கும் பெயர். ஒருவருக்காக மற்றொருவர் ஏற்கும் பொறுப்புக்கும் பெயர். கட்டு என்பதற்கும் பெயர். மான், கயிறு, வாக்குறுதி மூன்றும் ஒரே சொல்லில் அடங்கிக் கிடக்கும் மொழியில் இக்கதை பாடப்பட்டது. அருஞ்சொற்பொருள் சொல்லும் ஆசிரியர் இதில் ஒரு நாழிகை தங்கலாம். தங்கினால், மேற்கோள் காட்டுவதும் ஒருவகைப் பிணையே என்று மாணவருக்கு உணர்த்த வழி பிறக்கும். பிறர் சொல்லை எடுத்தாள்வோன் அச்சொல் எங்கிருந்து வந்ததோ அங்கே திரும்பிச் சென்று சரிபார்க்கத்தக்கது என்று பொறுப்பேற்கிறான். நபியவர்கள் சொல்லாததை அவர்கள் பெயரால் சொல்வது எத்தகைய குற்றம் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகள் சிறுவயதிலேயே கேட்டிருக்கின்றனர். அதே அச்சம் பக்கத்து மாணவனின் கட்டுரையைப் பெயர் சொல்லாமல் எடுத்தெழுதும்போது அவர்களிடம் தோன்றாதது, நாம் அவ்விரண்டையும் இணைத்துச் சொல்லாததாலேயே.

தமிழ் மரபிலும் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. முன்னோர் கருத்தை 'என்மனார்' என்று அவர்கள் பெயரில் விடுவது இலக்கண நூலாரின் வழக்கம். உரையாசிரியர்கள் நூற்பெயர் கூறாமல் விட்டுச்சென்ற மேற்கோள்களை உ.வே. சாமிநாதையர் ஒவ்வொன்றாகத் தேடி இனங்காண உழைத்தார். நம் தரப்பில், 1842இல் சீறாப்புராணத்தை முதன்முதலாக அச்சேற்றிய செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம், சுவடிகளைத் தேடி ஒப்பிட்ட உழைப்பும் அவ்வகையினதே. அவரை இன்றைய பாடநூல் நினைப்பதில்லை.

பலவீனமான செய்தியைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்று கேட்போருக்கு ஒன்று கூறவேண்டும். சிறப்புகள், நற்பண்புகள் பற்றிய பகுதியில் அத்தகைய அறிவிப்புகளை எடுத்தாள இமாம் நவவீ போன்றோர் இடமளித்துள்ளனர். இப்னு ஹஜர் அதற்கு நிபந்தனைகள் விதித்தார். பலவீனம் மிகக் கடுமையாக இருத்தலாகாது. வலுவான பொது அடிப்படை ஒன்றின் கீழ் அது அடங்கவேண்டும். உறுதியாக நிகழ்ந்ததென்று நம்பிவிடக்கூடாது. இவ்விலக்கணம் முழுவதும் பொருந்துகிறதா என்பதில் கருத்து வேற்றுமைக்கு இடமுண்டு. பொது அடிப்படைக்கோ குறைவில்லை. அபூதாவூதில், அன்சாரி ஒருவரின் தோட்டத்தில் நபியவர்களைக் கண்டு கண்ணீர் வடித்த ஒட்டகத்தின் செய்தி உள்ளது. பட்டினி போட்டு வேலை வாங்கிய உரிமையாளரை நபியவர்கள் கண்டித்தார்கள். அதே நூலில், குஞ்சுகளை இழந்து சிறகடித்த தாய்ப்பறவையின் செய்தியும் உள்ளது. குஞ்சுகளைத் திருப்பி வைக்கக் கட்டளையிட்டார்கள். இவ்விரண்டையும் மான் படலத்தோடு சேர்த்து நடத்த ஒரு பாடவேளை போதும். எது வலுவானது, எது பலவீனமானது, எது புலவரின் விரிவு என்று கரும்பலகையில் பிரித்தெழுதலாம். பிள்ளைகள் குழம்பிவிடுவர் என்ற அச்சம் வேண்டியதில்லை. மேல்நிலை வகுப்பில் வேதியியலும் கணக்கும் படிப்பவர்கள் அவர்கள்.

சில வாரங்களுக்குப் பின் அதே ஆசிரியரைக் கண்டு ஸகாவீயின் செய்தியைச் சொன்னோம். அவர் ஒரு தாளை எடுத்து நூற்பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார். பின்னர், "அந்தப் பையன் கேட்டதற்கு இனிச் சொல்லலாம், ஆனால் அவன் இப்போது கேட்பதை நிறுத்திவிட்டான்" என்றார்.